லோதோவுக்குத் தைத்த மெத்தை

சலைலுவா, சவாயித் தீவு
12 ஏப்ரல் 1999

என் தங்கச்சி பெனினாவுக்கு, உன் அக்கா லனுவோலா எழுதுவது. கர்த்தர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சௌக்கியம். என் முழங்காலை மட்டும் அவர் மறந்துவிட்டார். நீயும் மாப்பிள்ளை உவேலேயும் என் தங்கக்கட்டி லோதோவும் எப்படி இருக்கிறீர்கள்?

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று உவேலே சத்தியம் செய்திருக்கிறார். ஆனால் ஆம்பிளைச் சத்தியம் ஈரப்பலா மாதிரி, நாலு நாளில் அழுகிவிடும். அதனால் நானே சொல்கிறேன். ஆக்லாந்தில் உங்களோடு இருந்தபோது ஒரு ஞாயிறு சர்ச் முடிந்ததும், கால் வலிக்கிறது என்று நான் காரில் போய் உட்கார்ந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? கால் வலிக்கவே இல்லை. லோதோவைக் காரில் கட்டி வைக்கிறீர்களே, அந்த இருக்கையில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்கப் போனேன். பட்டைக்குள் என் கையை விட்டுப் பூட்டைச் சொருகினேன். டக்கென்றது. அப்புறம் திறந்தால்தானே! சர்ச் பெண்கள் ஜன்னல் பக்கம் வந்ததும் கண்ணை மூடி உதட்டை அசைத்தேன். "பாருங்கடி, லனுவோலாவுக்கு என்னா பக்தி!" என்றாள் ஒருத்தி. கடைசியில் உவேலே வந்து, "அக்கா, அந்தச் சிவப்புப் பொத்தானை அமுக்கணும்" என்று விடுவித்தார்.

கையில் பட்டை பதிந்து சிவந்துவிட்டது. என் கைக்கே இப்படி என்றால் அந்தப் பிஞ்சு உடம்புக்கு? நாம் சந்தைக்குப் போகும் பன்றிக்குட்டியைத்தான் இப்படிக் கட்டுவோம். திரும்பி வந்த நாளிலிருந்து எனக்கு அதே நினைப்பு. அதனால் அந்த இருக்கை அளவுக்கு ஒரு மெத்தை தைத்திருக்கிறேன். நம் தோட்டத்து இலவம்பஞ்சு, நன்றாக அடைத்தது. சிவப்பு நூலில் அவன் பெயரும் போட்டிருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் நான் படித்த பள்ளிக்கூடத்தைத் திட்டு. நான் அங்கே அதிகம் போனதில்லை, அதற்குக் கோபம் வராது.

பாதிரியாரின் மைத்துனர், அதுதான் பாதிரியார் அம்மாவின் தம்பி, அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். லோதோவின் தொடையை நான் கடித்ததாக அவனிடம் சொல்.
உன் அக்கா லனுவோலா

ஒட்டாரா, ஆக்லாந்து
3 மே 1999

அன்புள்ள அக்காவுக்குப் பெனினாவின் வணக்கம். கர்த்தர் எங்களை நன்றாகவே வைத்திருக்கிறார். உன் முழங்காலுக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன்.

மெத்தை வந்தது அக்கா. என்ன அழகு! சர்ச்சில் எல்லோரும் காருக்குள் தலையை விட்டுப் பார்க்கிறார்கள். லோதோ அதில் தலைவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறான். நம் குடும்பத்து உடம்பு அவனுக்கு, ஏற்கெனவே பெரிய பிள்ளை. மெத்தையும் வைத்ததும் பட்டை எட்டவில்லை. உவேலே, "இது தடிமனா இருக்கே, பேசாம வீட்ல போட்டுக்கலாமே" என்றார். "எங்க அக்கா கண்ணு நோகத் தைச்சு அனுப்பிருக்கா, அத மூலையில போடறதா? மரியாதை தெரிஞ்சவங்களா நீங்க?" என்று கேட்டேன். அப்புறம் அவரே பட்டையைத் தளர்த்திப் போட்டார். இப்போது சரியாக இருக்கிறது. நீ ஜெபம் பண்ணின கதையையும் சொல்லிவிட்டார். சத்தியம் பாக்கி இல்லை.

லோதோ உன் தொடைக்கடியை வாங்கிக்கொண்டு சிரித்தான்.
உன் தங்கை பெனினா

சலைலுவா
28 மே 1999

என் பெனினாவுக்கு. நாங்கள் நலம், மழைதான் ஓயவில்லை. அங்கே குளிர் தொடங்கிவிட்டதா? பிள்ளைக்கு இரண்டு காலுறை போடு. இந்தக் கடிதத்தோடு நான் பின்னிய காலுறையும் வருகிறது.

உன் கடிதத்தை மாதர் சங்கத்தில் சத்தமாகப் படித்தேன். 'தலைவர் மாதிரி' என்ற இடத்தை இரண்டு தடவை படித்தேன். பாதிரியார் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "லனுவோலா, உனக்கு வாய் மட்டுந்தான் வேலை செய்யும்னு நெனச்சேன், கையும் செய்யுதே" என்றார்கள். எனக்கு ரொம்பப் பெருமையாகப் போய்விட்டது.

பிள்ளையைக் கட்டி வைக்கிற உங்கள் ஊர்ச் சட்டம் உங்களுக்கு. இங்கே நம் பஸ்ஸில் இடம் இல்லாவிட்டால் மடிமேல் மடி. துறைமுகத்திலிருந்து வீடு வரைக்கும் நீ என் மடியில்தான் வளர்ந்தாய், ஒரு தடவை விழுந்தாயா? இந்தத் தீவில் என் மடியில் உட்காராத ஆள் பாதிரியார் ஒருவர்தான், அவரும் ஒருநாள் பஸ் பிரேக் போட்டபோது உட்கார்ந்துவிட்டார். யாரிடமும் சொல்லாதே.

மெத்தைமேல் பிள்ளை இருக்கிற போட்டோ ஒன்று அனுப்பு. சங்கத்துச் சுவரில் ஒட்டவேண்டும்.
லனுவோலா

சலைலுவா
5 ஜூலை 1999

பெனினாவுக்கு. நாங்கள் நலமே. நீங்களும் அப்படி என்று வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நீ சொல்லவில்லை.

என்ன, கை சுளுக்கா? இல்லை, ஆக்லாந்தில் மை தீர்ந்துவிட்டதா? மீன் பிடிக்கப் போன உன் அத்தான்கூடத் திரும்பி வந்துவிட்டார், மீன் இல்லாமல். போன மாதம் படகில் இறங்கியவர்கள் எல்லோரிடமும் கடிதம் இருக்கிறதா என்று கேட்டேன். ஒருவர் தன் வைத்தியச் சீட்டைக் கொடுத்துவிட்டார். அவருக்குச் சர்க்கரை வியாதி இருப்பது இப்போது எனக்குத் தெரியும், அவர் பெண்டாட்டிக்குத் தெரியாது.

போட்டோ எங்கே? சுவரில் இடம் விட்டு வைத்திருக்கிறோம். ஆணி மட்டும் தொங்குகிறது.
உன் அக்கா

ஒட்டாரா
30 ஜூலை 1999

அன்புள்ள அக்காவுக்கு. நாங்கள் நலம். நீங்களும் நலமாக இருக்க ஜெபிக்கிறேன்.

இங்கே குளிர். துணி காய்வதில்லை. நான் வேலைக்குப் போகவில்லை, வீட்டில் இருக்கிறேன். உவேலே இரவு வேலைக்கு மாறிக்கொண்டார். காலுறை வந்தது. அளவு சரியாகத்தான் இருக்கும்.

போட்டோ இதோடு வைத்திருக்கிறேன்.
பெனினா

சலைலுவா
19 ஆகஸ்ட் 1999

என் பெனினாவுக்கு. எல்லோரும் சுகம். சுகத்தோடு ஒரு சுபச்செய்தியும்: நம் ஃபேது உண்டாகியிருக்கிறாள், ஜனவரியில் பிள்ளை. என் மகள் வயிற்றில் என் பேரப்பிள்ளை! நான் ஊர் முழுக்கச் சொல்லி முடித்தபிறகு ஃபேதுவே, "அம்மா, இத நான் சொல்லவேண்டாமா?" என்றாள்.

போட்டோவைப் பார்த்தேன். மாப்பிள்ளையைக் கேமராவைத் தொடவிடாதே என்று எத்தனை தடவை சொல்வது? பிள்ளையை இடுப்போடு வெட்டிவிட்டார்! மெத்தையும் இல்லை, காலும் இல்லை, என் காலுறையும் இல்லை. பின்னால் வெறும் சுவர். முகமும் ஏன் அப்படி உம்மென்று இருக்கிறது? பல் முளைக்கிறதா? நடக்கிறானா? அவன் வயதில் நீ ஓடிக் கோழி பிடித்தாய்.

இன்னொரு விஷயம். உன் பிள்ளை பெரிய உடம்பு, சீக்கிரம் அந்தக் கார் இருக்கை பற்றாமல் போகும். அதை மெத்தையோடு பெட்டியில் போட்டுக் கப்பலில் அனுப்பிவிடு. ஃபேது அவள் சித்தப்பா அபெலுவின் லாரியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போய் வரவேண்டும். நம் ஊரில் முதல் கட்டுண்ட பிள்ளை என் பேரப்பிள்ளையாக இருக்கட்டும். நான் கேலி செய்தேன்தான், கேலி செய்த வாயால்தானே கேட்கவும் வேண்டும்.
லனுவோலா

ஒட்டாரா
10 செப்டம்பர் 1999

அன்புள்ள அக்காவுக்கு. ஃபேதுவின் செய்தி கேட்டு உவேலே ஜெபம் செய்தார். நானும் பக்கத்தில் இருந்தேன். அவள் நன்றாகச் சாப்பிடட்டும்.

இருக்கையை அனுப்ப முடியாது அக்கா. உவேலே அதன் பட்டைகளைக் கத்தியால் அறுத்துக் குப்பைக்குப் போட்டுவிட்டார்.

லோதோ இன்னும் நடக்கவில்லை. நடப்பான் என்கிறார்கள்.
பெனினா

சலைலுவா
13 அக்டோபர் 1999

பெனினாவுக்கு. நாங்கள் நலம்.

அறுத்துப் போட்டாரா? நல்ல இருக்கையை? நான் இந்த வரியை ஃபேதுவிடம் படித்துக் காட்டவில்லை. "சித்தி அனுப்பறாங்களா?" என்று கேட்டாள். "கப்பல் லேட்" என்று சொன்னேன். கொடுக்க மனமில்லை என்றால் மனமில்லை என்று எழுதியிருக்கலாம். நான் உன் அக்கா, கடைக்காரியா? போகட்டும். என் பேரப்பிள்ளைக்கு என் மடி இருக்கிறது. அதற்குப் பட்டையும் கிடையாது, அறுக்கவும் முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் திருநாளான வெள்ளை ஞாயிறு. பிள்ளைகள் எல்லாம் வெள்ளை உடுப்பில் வரிசையாக நின்று வசனம் சொன்னார்கள். ஒரு சிறுவன் பாதியில் மறந்துவிட்டு, "மிச்சத்தை எங்க அக்கா சொல்லுவா" என்றான். சிரித்து வயிறு வலித்தது. அங்கே லோதோவுக்கு வெள்ளைச் சட்டை போட்டாயா?

சங்கத்தில் நாங்கள் கார் இருக்கை மெத்தைகள் தைக்கிறோம். உன் கடிதத்திலிருந்து வந்த யோசனைதான்! ஊர் இலவம்பஞ்சு முழுக்க இறங்கிவிட்டது. பாதிரியார் அம்மா டிசம்பரில் ஆக்லாந்து வரும்போது உங்கள் சர்ச்சில் பிள்ளை வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று கொடுப்பார்கள். என் மெத்தையின் அளவைத்தான் மாதிரிக்கு வைத்திருக்கிறோம். என்னைத் தலைவியாக்கிவிட்டார்கள். உனக்கு இதில் சந்தோஷம் வருமோ வராதோ.
லனுவோலா

ஒட்டாரா
24 அக்டோபர் 1999

அன்புள்ள அக்காவுக்கு.

மெத்தைகளை அனுப்பவேண்டாம். யாருக்கும் வேண்டாம். பாதிரியார் அம்மாவிடம் சொல்லி நிறுத்து. இதை நான் எழுதக்கூடாது என்று நினைத்திருந்தேன்.

ஜூன் மாதம் சர்ச்சுக்குப் போகும் வழியில் ஒரு வேன் நிற்காமல் வந்து மோதியது. நாங்கள் மெதுவாகத்தான் போனோம். எனக்கும் உவேலேவுக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். இருக்கை இருந்த இடத்தில் இருந்தது. பட்டை அறுந்துபோகவில்லை. பூட்டுப் பூட்டியபடியே இருந்தது. உள்ளே மெத்தை மட்டும் இருந்தது. லோதோ பட்டைக்கு மேலாக வெளியே வந்து முன் இருக்கையின் முதுகில் மோதிக் கீழே கிடந்தான்.

தொடை எலும்பு முறிந்துவிட்டது. தலையிலும் அடி. சில நாள் கண் திறக்கவில்லை. பிறகு இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும் மாவுக்கட்டு. அதனால்தான் போட்டோவை நான் வெட்டினேன். உவேலே ஒழுங்காகத்தான் எடுத்தார். உன் காலுறையை ஒரு காலுக்கு மட்டும் போட்டேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒருத்தி என்னிடம் மெத்தையை அமுக்கிக் காட்டினாள். "பஞ்சு உப்பலா இருக்கும்போது பட்டை இறுக்கமா இருக்கற மாதிரி தெரியும். வண்டி இடிச்சதும் பஞ்சு அமுங்கிடும். அமுங்கின அளவுக்குப் பட்டை தொளதொளன்னு ஆயிடும். பட்டைக்கும் புள்ளைக்கும் நடுவுல ஒரு விரல் போனா சரி, அதுக்கு மேல கூடாது. இருக்கையோடு வந்தது தவிர உள்ள எதுவும் வைக்கக்கூடாது, கனமான கோட்டுகூட." நான், "அப்ப என் மடியில வெச்சிருந்தா?" என்று கேட்டேன். அவள் மெத்தையைக் கீழே வைத்தாள். பிறகு, "உயிரோட ஆஸ்பத்திரிக்கு வந்திருக்க மாட்டான்" என்றாள்.

ஒரு தடவை அடிபட்ட இருக்கையை மறுபடி வைக்கக்கூடாதாம். வெளியே தெரியாத விரிசல் இருக்கும். வேறு யாரும் குப்பையிலிருந்து எடுத்துவிடக்கூடாது என்றுதான் உவேலே பட்டையை அறுத்தார்.

கட்டு அவிழ்த்துவிட்டார்கள். இப்போது தவழ்கிறான். காரில் வைத்தால் அழுவதில்லை. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பேசாமல் இருக்கிறான். அழுதால் பரவாயில்லை என்று இருக்கிறது.

நீ மெத்தையை அன்போடு தைத்தாய். பட்டையைத் தளர்த்த வைத்தது நான். உவேலே வேண்டாம் என்றார், அவர் வாயை மூடினதும் நான். இதில் உன் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்று எண்ணிப் பார்த்துவிட்டேன். அதனால் ஒன்றும் ஆகவில்லை.

வெள்ளைச் சட்டை போட்டேன்.
பெனினா

சலைலுவா
28 நவம்பர் 1999

பெனினாவுக்கு.

நாங்கள் இருக்கிறோம்.

உன் கடிதத்தைச் சங்கத்துக்கு எடுத்துப் போனேன். சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். போட்டோவை வெட்டிய இடம் வந்ததும் எழுத்து தெரியவில்லை. பாதிரியார் அம்மா வாங்கி மிச்சத்தைப் படித்தார்கள்.

பிறகு மூலையில் இருந்த ஒருத்தி, "பார்த்தியா, நம்ம மடிதான் நல்லது" என்றாள். "மடியில இருந்திருந்தா பையனே இல்லடி" என்றேன். "உன் மெத்தையாலதானே இப்படி ஆச்சு" என்றாள். "ஆமா, என் மெத்தையாலதான்" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் குனியவில்லை. ஏன் என்று தெரியவில்லை, கழுத்து அப்படியே நின்றுவிட்டது.

மெத்தைகளை நானே பிரித்தேன். கத்தரியால் ஒவ்வொன்றாக. பஞ்சு வாசலில் பறந்தது. கோழிகள் மேல் ஒட்டியது, நாய் மேல் ஒட்டியது. எல்லாம் வெள்ளையாகப் போய்க்கொண்டிருந்தன. வேறு நாளாக இருந்தால் இதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருப்பேன்.

துணிகள் தலையணை உறைக்கு ஆகும்.

உன்னைக் கொடுக்க மனமில்லாதவள் என்று எழுதினேன். போட்டோவைப் பார்த்துச் சிரித்தேன். சுவரில் ஒட்டியும் இருந்தேன். இப்போது எடுத்து என் வேதபுத்தகத்தில் வைத்திருக்கிறேன்.

ஃபேது கேட்கிறாள், அவள் பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து எப்படிக் கொண்டுவருவது என்று. எனக்குத் தெரியவில்லை.
லனுவோலா

ஒட்டாரா
15 டிசம்பர் 1999

அன்புள்ள அக்காவுக்கு. நாங்கள் நலம். உன் முழங்காலுக்குத் தைலம் இப்போதுதான் அனுப்புகிறேன்.

பாதிரியார் அம்மா திரும்பி வரும்போது ஒரு பெட்டி வரும். ஃபேதுவின் பிள்ளைக்கு இருக்கை. புதியது. கடையில் வாங்கியது, யாரும் மோதியது இல்லை. சின்னப் பிள்ளையை வண்டியின் பின்பக்கம் பார்த்து உட்கார வைக்கவேண்டும். வண்டியின் பெல்ட்டை இருக்கையின் உள்ளே கோர்த்து, உன் முழு எடையையும் அதன்மேல் போட்டு இழு. பிறகு இருக்கையைப் பிடித்து ஆட்டிப் பார், ஆடக்கூடாது. தோள்பட்டைக்குள் ஒரு விரல். திறக்கச் சிவப்புப் பொத்தான், உனக்குத் தெரியும்.

உன் மெத்தையை நான் தூக்கிப் போடவில்லை. துவைத்து அலமாரியில் வைத்திருந்தேன். போன வாரம் லோதோ சோபாவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். நின்று நின்று விழுகிறான். மெத்தையை எடுத்துத் தரையில் போட்டேன். அதன்மேல் விழுகிறான். அதற்கு நல்ல மெத்தை அக்கா.
பெனினா

சலைலுவா
16 ஜனவரி 2000

என் தங்கச்சி பெனினாவுக்கு. எல்லோரும் ஏறக்குறைய நலம். ஃபேதுவுக்கு இன்னும் வலி எடுக்கவில்லை. வயிறு முன்னால் போகிறது, அவள் பின்னால் வருகிறாள். லோதோ நிற்கிறான் என்ற வரியை உன் அத்தானிடம் படித்துக் காட்டினேன். மீன் வலையைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

பெட்டி வந்தது. அபெலுவின் லாரியில் முன்னால் ஒரே ஒரு பெல்ட்தான் வேலை செய்கிறது. அதில் இருக்கையைப் பூட்டி, நீ சொன்னபடி என் எடை முழுவதையும் போட்டு இழுத்தேன். என் எடை எவ்வளவு என்று உனக்குத் தெரியும். அபெலு, "அண்ணி, லாரி ஒரு பக்கமா சாயுது" என்றான். ஆட்டிப் பார்த்தேன். லாரி ஆடியது, இருக்கை ஆடவில்லை.

பிள்ளை வருவதற்குள் பழகிக்கொள்ளவேண்டும். ஆனால் பிள்ளை இல்லை. அதனால் நேற்று ஒரு பன்றிக்குட்டியைக் குளிப்பாட்டித் துடைத்து, பின்பக்கம் பார்த்து உட்கார வைத்துப் பட்டை போட்டேன். ஒரு விரல் விட்டுப் பார்த்தேன். ஒரு விரல்தான் போயிற்று. மெத்தை, துணி, கோட்டு எதுவும் வைக்கவில்லை. துறைமுகம் வரைக்கும் போய் வரலாம் என்று கிளம்பினோம். அபெலு ஓட்டினான், நான் நடுவில். எனக்குப் பெல்ட் கிடையாது.

பாதி வழியில் ஒரு குதிரை குறுக்கே வந்தது. அபெலு பிரேக்கை மிதித்தான்.

குதிரைக்கு ஒன்றும் இல்லை. என் நெற்றி முன்கண்ணாடியில் போய் இடித்தது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள், ஃபேது பார்த்துவிட்டு அழுதாள். அபெலு எனக்கும் ஒரு பெல்ட் வாங்க ஆப்பியா பட்டணத்துக்குப் போயிருக்கிறான்.

பன்றிக்குட்டி பட்டைக்குள் குறட்டை விட்டுக்கொண்டே இருந்தது, விழிக்கவில்லை.
லனுவோலா